வேலி ஒத்த வளவுகள்

பெண் பிள்ளைகளுக்கு எண்கணிதமே காணும், அதற்கு மேல் எதற்கு என்று சொல்கிறவர்களுக்கு ஜெஸீமா பதில் சொல்வதில்லை. பதில் சொன்னால் வாய் நீளும், வாய் நீண்டால் அது வேலைக்கே உலை வைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு, எண்கணிதம் மட்டும் படிப்பித்துவந்த அந்த மூதூர்ப் பெண்கள் பாடசாலையில், அறுபத்தைந்தாம் ஆண்டு முதல் தவணையிலேயே தூய கணித வகுப்பொன்றைத் தொடங்கிவிட்டாள்.

தொடங்கியது என்றால் சும்மா இல்லை. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து திங்கட்கிழமை காலை லோஞ்சுப் படகில் கொட்டியாரக் குடாவைத் தாண்டி வந்து இறங்குவாள். அலையில் குடலே வாய்க்கு வந்தாலும் முதலாம் பாடத்துக்கு நிற்பாள். கிழமை முழுக்க மூதூரில் மாமி வீட்டில் தங்கி, வெள்ளி பின்னேரம் திரும்புவாள். தூய கணிதம் இல்லாமல் ஒரு பிள்ளையும் விஞ்ஞானம் படிக்க முடியாது, விஞ்ஞானம் படிக்காமல் அந்த ஊருக்கு ஒரு பெண் டாக்குத்தரும் வரப்போவதில்லை. இதைப் பாடசாலை அதிபர் ஸெய்னுதீனிடம் அவள் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை. அதிபர் நல்ல மனிதர். சண்டை என்றால் மட்டும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"நடத்துங்க டீச்சர்," என்றார் கடைசியில். "ஆனா பக்கீர் சம்மாட்டியார் அவர்ர மகள எடுத்தாரெண்டா மத்தவங்களும் எடுப்பாங்க. பெறகு வகுப்பு இல்ல. என்னில குறை சொல்லப்படாது."

சம்மாட்டியார் என்றால் கரைவலைக்கும் தோணிகளுக்கும் சொந்தக்காரர். பக்கீர் வலை வளைக்கிற நாளில் கரையில் பாதி ஊர் அவருக்காகக் கயிறு இழுக்கும். பெற்றார் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். அவருடைய இரண்டாவது மகள் அசனா வகுப்பில் முதலாவது. மூத்தவள் நஜ்முன் நிஸாவுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம். மூத்தவளின் கல்யாணத்தோடு இளையவளின் படிப்பையும் நிறுத்திவிடுவது என்பது பக்கீரின் எண்ணம். அதை அவர் மறைக்கவும் இல்லை. தவணை முடிய அசனா நின்றுவிடுவாள், அவள் பின்னால் வகுப்பும் போய்விடும். ஜெஸீமாவுக்கு இருந்ததெல்லாம் அந்தத் தவணையின் மிச்சம்தான்.

அந்த மிச்சத்தில்தான் இருபடிச் சார்பு வந்து சேர்ந்தது.

முதல் நாள் அவள் செய்த பிழை எல்லா வாத்திமாரும் செய்கிற பிழை. கரும்பலகையில் y = x² என்று எழுதி, அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறிக்கச் சொன்னாள். பிள்ளைகள் குறித்தார்கள். பிறகு அடிமட்டத்தை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்தார்கள். குடை சாய்ந்து கிடப்பதுபோல் ஏதோ ஒன்று வந்தது. இது எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். சோதினைக்கு என்றாள் ஜெஸீமா. சொன்ன வாயை உடனே அடிக்கலாம்போல் இருந்தது அவளுக்கு. சோதினைக்கு என்று சொல்லிப் படிப்பித்த எந்தக் கணக்கு எந்தப் பிள்ளையிடம் தங்கியிருக்கிறது?

அன்று பின்னேரம் மாமி வீட்டு முற்றத்தில் வேலி மாற்றிக்கொண்டிருந்தார்கள். தென்னோலை பின்னிய பழைய கிடுகுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிய ஓலைக் கிடுகு வரிகிற வேலை. வேலி வரிய வந்தவர் கிடுகை எண்ணிப் பார்த்துவிட்டு, உங்கட வளவும் அடுத்த வளவும் ஒன்று, இரண்டுக்கும் ஒத்த கிடுகுதான் பிடிக்கிறது என்றார். மாமி தலையாட்டினாள். ஜெஸீமா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வளவு ஒடுங்கி நீண்டு கிடந்தது, மாமியுடையது சதுரமாக அகன்று கிடந்தது. ஆனாலும் அந்த ஊரில் எல்லாரும் வளவை, அதாவது வீட்டுக் காணியை, அளந்து சொல்வது கிடுகுக் கணக்கில்தான். வேலி ஒத்தால் காணி ஒத்தது. அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கிடைத்தது என்று எழும்பியவள், மாமி ஊற்றிவைத்த தேத்தண்ணியையும் மறந்துவிட்டாள்.

மறுநாள் பாடசாலை முற்றத்துக்கு ஒரு நூல்கயிற்றோடு போனாள். இரண்டு முனையையும் முடிந்தால் சுற்றிவர நாற்பது சாண் வரும்படி அளந்து வெட்டிய கயிறு. நான்கு பிள்ளைகளை மூலைக்கொருத்தியாக நிறுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

"இது ஒரு வளவு. சுத்து வேலி நாப்பது. அகலத்தைக் கூட்டி நீளத்தைக் குறைச்சா காணி கூடுமா குறையுமா?"

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். பட்டினத்து டீச்சருக்கு வேலிகூடத் தெரியவில்லையே என்ற சிரிப்பு.

"ஒண்டுதான் டீச்சர்," என்றாள் அசனா. "வேலி ஒண்டெண்டா காணியும் ஒண்டுதானே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்களா?"

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஜெஸீமா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கயிற்றைச் சதுரமாகப் பிடிக்கவைத்து, மற்றப் பிள்ளைகளை உள்ளே போய் இருக்கச் சொன்னாள். எல்லாரும் சம்மணமிட்டு இருந்தார்கள், இன்னும் இருவருக்கு இடம் இருந்தது. பிறகு அதே கயிற்றை மூன்று சாண் அகலத்துக்கு ஒடுக்கிப் பிடிக்கவைத்தாள். பாதிப் பேர்தான் உள்ளே இருக்க முடிந்தது. மிச்சப் பேர் முழங்காலை மடக்கிப் பார்த்தார்கள், மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள், ஒருத்தி மற்றவளின் மடியிலேயே ஏறிப் பார்த்தாள். ஏலவில்லை. கயிறு அதே கயிறு. யாரும் அதை வெட்டவில்லை. பிள்ளைகளின் சிரிப்பு நின்றுபோனது, அந்த அமைதிக்காகவே லோஞ்சில் எத்தனை தடவையும் வாந்தி எடுக்கலாம் என்று ஜெஸீமா நினைத்தாள்.

அதற்குப் பிறகு கணக்கு தானாக ஓடியது. சுற்றிவர நாற்பது என்றால் நீளமும் அகலமும் சேர்ந்து இருபது. அகலம் x என்றால் நீளம் 20 − x. காணி x(20 − x). அகலம் ஒன்றென்றால் காணி பத்தொன்பது, இரண்டென்றால் முப்பத்தாறு, மூன்றென்றால் ஐம்பத்தொன்று. பத்துக்கு வரும்போது நூறு. பதினொன்றில் மறுபடி தொண்ணூற்றொன்பது.

"ஏறிப்போட்டு எறங்குது," என்றாள் ஒருத்தி.

"ஏன்?"

"அகலம் கூடக்கூட நீளம் தேயுது டீச்சர். ஒண்டு குடுக்கிறத மத்தது பறிக்குது."

எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வரைபுத்தாள் அந்தப் பாடசாலைக்கு வந்ததும் இல்லை, ஆகவே மணலிலேயே கட்டங்கள் கீறிப் புள்ளிக்குச் சிப்பி வைத்தார்கள். ஒருத்தி அடிமட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அகலமே கிடையாதா, ஒன்றரை அகல வளவு ஊரில் இல்லையா என்று ஜெஸீமா கேட்டாள். ஒன்றரைக்குக் கணக்குப் பார்த்தார்கள். சிப்பி அடிமட்டத்துக்கு மேலே போய் இருந்தது. அடிமட்டத்தை எறிந்துவிட்டு, பாடசாலை வேலிக் கிடுகிலிருந்து ஒரு நீளமான பச்சை ஈர்க்கை உருவி எடுத்து, சிப்பிகளின் மேலாக வளைத்துப் பிடித்தார்கள். அழகான வளைவு. இதுதான் இருபடிச் சார்பின் வரைபு, பெயர் பரவளைவு, உச்சியில் இருப்பது உயர்வுப் பெறுமானம் என்று அவள் சொன்னபோது பிள்ளைகள் பெயரைக் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டு வளவை அந்த வளைவில் தேடிக்கொண்டிருந்தாள்.

அசனா மட்டும் மூன்று அகலத்துக்கு வைத்த சிப்பியைப் பார்த்தபடி நின்றாள்.

மணி அடித்து எல்லாரும் போன பிறகுதான் கிட்ட வந்தாள். அவளுடைய உம்மாவின் வளவைப் பக்கீர் இரண்டு பெண்களுக்கும் பிரித்துவிட்டார். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்த பெண் தாய் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவான், பெண்ணுக்கு வளவும் வீடும் இருக்கவேண்டும். கிணறோடு சேர்ந்த சதுரம், அசனா தாத்தா என்று கூப்பிடுகிற அக்கா நிஸாவுக்கு. அங்கே கல்வீடும் எழும்பிவிட்டது. ஒழுங்கைச் சந்து ஓரமாகக் கடற்கரைக்குப் போகிற ஒடுங்கிய வால் அசனாவுக்கு. ஊர்ப் பெரியவர்கள் பார்த்து நிற்க, வலைக் கயிற்றால் அளந்து, இரண்டுக்கும் சுற்று நாற்பது பாகம் என்று நிறுவி, ஆளுக்கு ஒத்த கிடுகும் இறக்கியாயிற்று. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம்தான் ஒரு பாகம்.

"எண்ட துண்டு மூணு பாகம் அகலம் டீச்சர். நிஸா தாத்தாட துண்டு பத்துக்குப் பத்து." அவள் அழவில்லை. "எனக்குப் பாதிதான் வந்திரிக்கி."

ஜெஸீமாவுக்கு முதலில் தோன்றியது வகுப்புத்தான். இவள் போய் இதை வீட்டில் சொன்னால் பக்கீர் பாடசாலையையே தலைகீழாகப் புரட்டிவிடுவார். சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் வகுப்பு தவணை முடியுமட்டுமாவது தப்பும். அந்த வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. விடை பிடிக்கவில்லை என்பதற்காகக் கணக்கை மறைக்கச் சொல்கிற டீச்சர் நாளைக்கு எந்த முகத்தோடு சோக்கட்டியைத் தொடுவாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை விழுங்கினாள்.

"கணக்குச் சரி," என்றாள். "சொல்றதும் விடுறதும் ஒண்ட விருப்பம். ஆரும் கேட்டா நான்தான் படிப்பிச்சனான் எண்டு சொல்லு."

பக்கீர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். பின்னால் அதிபர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, கரும்பலகையில் நேற்றைய பரவளைவு பெரிதாகக் கிடந்தது. பிள்ளைகள் எழும்பி நின்றார்கள்.

"டீச்சர், எண்ட வளவ அளக்க ஒங்கள ஆரு கூப்பிட்ட?"

"ஒங்கட வளவை நான் கண்டதுமில்லை, பக்கீர் காக்கா."

"அப்ப இவ என்ன சொல்றா? சொந்த வாப்பா ஏமாத்திப்போட்டாராம். ராவு முழுக்க ஊட்டுல சோறு தண்ணி இல்ல. மூத்தவ அழுறா. கல்யாண ஊட்டுல கதைக்கிற கதையா இது? வேலி ஒண்டு, கிடுகு ஒண்டு, நாலு பேர் பாத்து நிண்ட. காணி எப்பிடிக் குறையும்?"

அதிபர் இடையில் புகுந்து, வகுப்பைப் பற்றிப் பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம் என்று தொடங்கினார். பக்கீர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். இனிக் கதைக்க ஒன்றுமில்லை, மகளை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன், இந்தக் கணக்கும் வேண்டாம் இந்த வகுப்பும் வேண்டாம் என்றார். பிள்ளைகளின் வாங்குப் பலகைகளில் சலசலப்பு எழுந்தது. ஒரு பிள்ளை புத்தகத்தை அடுக்கத் தொடங்கியதை ஜெஸீமா கண்டாள். ஒரு தவணை வேலை கண்ணுக்கு முன்னால் கரைகிறது.

அவள் சோக்கட்டியை எடுத்தாள். கரும்பலகைக்குப் போய் அகலம், நீளம், காணி என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பக்கீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு இந்தக் கீறல் வெளங்காது டீச்சர். வெளங்காத ஒண்டக் காட்டி என்னைக் கள்ளனாக்காதீங்க."

அப்போதுதான் அசனா வாங்கிலிருந்து வெளியே வந்தாள்.

"வாப்பா, போன கிழம வலை வளைக்கக்குள்ள தோணி ஓட்டின தண்டயல ஏன் ஏசின நீங்க?"

பக்கீர் மகள் பக்கம் திரும்பினார்.

"தோணி நேர போய், ஒடுக்கமா வளைச்சு, நேர திரும்பின எண்டு ஏசின. வலையில ஒரு பாகமும் குறையல்ல. ஏன் வாப்பா ஏசின?"

அந்த ஏச்சைக் கரையில் நின்ற எல்லாரும் கேட்டிருந்தார்கள். வலை முழுவதையும் போட்டுவிட்டு இவ்வளவு கடலையா வளைத்தாய் என்று பக்கீர் போட்ட சத்தம் லோஞ்சுத் துறை வரைக்கும் போயிருந்தது. கடலில் இத்தனை வருடமாகத் தெரிந்த ஒன்று கரையில் கிடுகுக் கட்டோடு நிற்கையில் அவருக்கு ஏன் தெரியாமல் போனது? ஊரே அப்படித்தான் அளக்கிறது, அவரும் அளந்தார். அதில் கள்ளம் இல்லை. முகத்தைப் பார்த்த ஜெஸீமாவுக்கு அது விளங்கியது, அதுவரை இருந்த கோபத்தில் பாதி கழன்றது.

பக்கீர் மெல்லக் கரும்பலகைக்குக் கிட்டப் போனார். வளைவைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"இதுல நிஸாட வளவு எங்க?"

அசனா உச்சியைத் தொட்டுக் காட்டினாள்.

"ஒண்டது?"

மூன்றுக்கு மேலே இருந்த புள்ளியைக் காட்டினாள். பாதி உயரம்தான். பக்கீர் இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தை நெடுநேரம் பார்த்தார். விளங்காது என்றவர் வாசித்துவிட்டார். வேறொரு நாளென்றால் ஜெஸீமா சந்தோசத்தில் துள்ளியிருப்பாள்.

"ஊடு கட்டியாச்சு மகள்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "மாப்புள ஊட்டுக்காரர் வந்து பாத்துப்போட்டுப் போயிட்டாங்க. இனி வேலியத் தள்ள ஏலா."

"தள்ள வேணாம் வாப்பா. தாத்தாட காணி எனக்கு வேணாம்." அசனா ஒரு தடவை மூச்செடுத்தாள். "குறைஞ்ச காணிக்குப் பதிலா என்னப் படிக்க விடுங்க. பெரிய சோதினை முடியுமட்டும். பாஸ் பண்ணினா திருக்கோணமலைக்குப் போயும் படிக்கணும். அது எண்ட பங்கு."

ஜெஸீமாவுக்கு எல்லாம் மறந்துபோனது. வேலை போகும் என்பதும் மறந்துபோனது.

"இது நியாயமில்லை," என்றாள். "காணியும் அவவுக்கு உரியது, படிப்பும் அவவுக்கு உரியது. ஒண்டைக் குடுத்து மத்ததை வாங்கிற பேச்சு எங்க இரிக்கு? பக்கீர் காக்கா, நிஸா இந்த விலைக்குத்தான் ஊடு எடுத்தாவா?"

"டீச்சர்," என்றாள் அசனா. "விடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை. எதிர்ப்பக்கம் இறங்கி வரும்போது விலையைக் கூட்டிக் காரியத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பார்வையால் சொன்னாள். ஜெஸீமா வாயை மூடினாள். பொங்கிய கோபம் அடங்கவில்லை. தான் ஒரு தவணை முழுக்க மன்றாடியும் வாங்க முடியாததை இந்தப் பிள்ளை கால்மணி நேரத்தில் வாங்கப்போகிறாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பக்கீர் மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"சோதினை முடியுமட்டும் விடுறன். பெறகு பாப்பம்."

"பெறகு பாப்பம் எண்டா ஏலாது வாப்பா. இப்பவே சொல்லுங்க. அதிபர் சேரும் நிக்கிறார், டீச்சரும் நிக்கிறா. வளவு பிரிக்கக்குள்ளயும் நாலு பேர் நிண்டவங்கதானே."

அதிபர் ஸெய்னுதீன் திடுக்கிட்டுத் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார், சாட்சி சொல்ல வெறுந்தலையோடு நிற்கக்கூடாது என்று நினைத்தவர்போல. பக்கீரின் மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது. இவளை எவன் கட்டப்போகிறானோ அல்லாஹ் அவனைக் காப்பாற்றட்டும் என்று முணுமுணுத்தார்.

"ஓம். திருக்கோணமலையும்தான்," என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

வகுப்பு தப்பியது. புத்தகத்தை அடுக்கிய பிள்ளை திரும்ப விரித்துக்கொண்டாள். ஜெஸீமா கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். நெஞ்சில் பெருமையும் எரிச்சலும் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பெண் பிள்ளை படிப்பதற்கு அக்காவைவிட நாற்பத்தொன்பது சதுரபாகம் குறைந்த காணியோடு நிற்கவேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் பிறகு அவளைவிட்டுப் போகவே இல்லை. அதை அவள் போகவிடவும் விரும்பவில்லை.

மூதூரில் ஒரு கதை லோஞ்சைவிட வேகமாக ஓடும். அடுத்த திங்கள் அவள் துறையில் இறங்கியபோதே மூன்று பிள்ளைகள் காத்துநின்றார்கள். இரண்டு பேர் வேறு வகுப்பு. எல்லாரும் இளைய மகள்மார், எல்லாருக்கும் ஒழுங்கைப் பக்கத்து வால்தான் விழுந்திருந்தது. வளவைக் கயிறுபோட்டு அளந்தும் வந்திருந்தார்கள்.

"டீச்சர், எங்கட வளவையும் அந்த வளைவுல போட்டுக் காட்டுங்க. எவ்வளவு குறையுதெண்டு வாப்பாட்ட சொல்லி, படிக்க விடுங்க எண்டு கேக்கணும்."

புதன்கிழமைக்குள் வாங்குகள் போதாமல் போயின. அடுத்த வகுப்பிலிருந்து இரண்டு வாங்கு இழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருத்தியாக வந்து தன் அகலத்தைச் சொல்லிப் பரவளைவில் புள்ளி வைத்தாள். நான்கு, ஆறு, இரண்டரை. எல்லாருடைய வேலியும் நாற்பது இல்லை, ஆகவே வேலிக்கொரு வளைவு கீறவேண்டி வந்தது. வேலி பெருத்தால் வளைவு எப்படி உயர்கிறது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். இருபடிச் சார்பை அவ்வளவு வெறியோடு படித்த வகுப்பு இலங்கையில் வேறெங்காவது இருந்திருந்தால் ஜெஸீமாவுக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு பிள்ளை வாசற்படியிலேயே நின்றாள். ரபீக்கா என்று பெயர். மீன் காயப்போடுகிற பெண்ணொருத்தியின் மகள், போன வருடமே படிப்பை நிறுத்தியவள். கையில் கயிறு இல்லை.

"உள்ளுக்கு வா. ஒண்ட வளவு எத்தனை பாகம்?" என்று கேட்டாள் ஜெஸீமா.

"எங்களுக்கு வளவு இல்ல டீச்சர். நாங்க வேற ஆற்றயோ காணியில இரிக்கிற." பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். "வாப்பாட்ட சொல்லிக் கேக்க என்னட்ட ஒண்டுமில்ல. சும்மா பாக்க வந்த நான்."

வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. ஜெஸீமா கரும்பலகையில் இருந்த வளவுகளையும் வளைவுகளையும் பார்த்தாள். இவ்வளவு கணக்குக்கும் நடுவில் இந்தப் பிள்ளைக்கு ஒரு புள்ளி இல்லை. அவள் துணியை எடுத்துக் கரும்பலகையை ஒரு மூலை விடாமல் துடைத்தாள். துடைத்துவிட்டு, எந்த வளவும் வேண்டாத y = x² என்று எழுதினாள்.

"முன் வாங்கில வந்து இரி, ரபீக்கா," என்றாள். "ஒண்ட வாப்பாட்டயும் உம்மாட்டயும் நான் வந்து கதைக்கிறன். இண்டைக்கே."